ட்ரம் இல்லாத இசைத்தட்டு

நவம்பர் 8, வெள்ளி

உடும்பஞ்சோலை முழுக்க வெண்மை. பத்தடிக்கு மேல் தெரியவில்லை. அல்ஜீப்ரா பாக்கி.

நாளை 'ஏழாம் லயம்' ஒலிப்பதிவு. லயம் என்றால் எஸ்டேட் தொழிலாளர் வீட்டு வரிசை; எங்கள் லயத்தின் எண்தான் பாட்டுக் குழுவின் பெயர். என் அண்ணன் ஜெபா கிட்டார், பக்கத்து வீட்டு எஸ்தரக்கா பாட்டு, மலையாளத்துக்காரர் தங்கச்சண்ணன் ட்ரம். கொச்சியிலிருந்து ஒருவர் ஸ்பூல் டேப் இயந்திரத்தோடு மாதாகோவில் கூடத்துக்கு வருகிறார். ஒரே நாள்தான். எந்தக் கம்பெனியும் இல்லாமல் நாங்களே போடும் இசைத்தட்டு! சினிமாப் பாட்டு மாதிரி இல்லை, ஜெபப் பாட்டும் இல்லை. கிட்டார் எஸ்டேட் சங்குபோல இழுக்கும், ட்ரம் பின்னாலேயே துரத்தும். அப்பா: "பேய் ஓட்டுத சத்தம்லா இது."

பள்ளி வாசலில் தங்கச்சண்ணனின் தங்கை லில்லி ஓடிவந்தாள். "பனியாணு. சேட்டன் நாளே வரில்ல." உடனே பஸ் ஏறிவிட்டாள்.

வீட்டில் சொன்னேன்: "பனி மூடி வழி தெரியலையாம். நாளைக்கு வரமாட்டாராம்."

அண்ணன் முகம் கறுத்தது. "பனிக்குப் பயந்தவனுக்கு ட்ரம் எதுக்கு?"

நவ. 9, சனி

அண்ணன் ஷூக்காலால் பலகைத் தரையில் தட்டினான். அதுதான் தாளம். ஆறு பாட்டு. கொச்சிக்காரர் கண்ணை மூடிக் கேட்டார். இப்படி ஒன்று கேட்டதே இல்லையாம். ட்ரம் இல்லாததுதான் அழகாம்.

உறைக்குப் பெயர்கள் எழுதும் வேலை எனக்கு. "தங்கச்சண்ணன்?"

"எழுதாத."

எஸ்தரக்கா: "ஏ ஜெபா, ஆறு வருசமா கூட இருந்தவன்லா." அண்ணன் கேட்கவில்லை.

இரண்டே பெயர். தாள் கொச்சிக்குப் போய்விட்டது.

நவ. 12, செவ்வாய்

லில்லி இன்றும் வரவில்லை. மலையாளம் டீச்சர் வகுப்பில் சொன்னார், அவள் அண்ணனுக்கு டைபாய்டு. நெடுங்கண்டம் ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம். "கடுத்த பனி."

மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். மூடுபனிக்கு மஞ்ஞு. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான்! வெளியே வெண்மையாக இருந்ததால்... 'மூடி', 'வழி தெரியலை' எல்லாம் லில்லி சொல்லவே இல்லை. நான் சேர்த்தது.



நவ. 13, புதன்

அண்ணனிடம் சொன்னேன். அடிப்பான் என்று நினைத்தேன். கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டு, "கெளம்பு" என்றான்.

ஆஸ்பத்திரி. தங்கச்சண்ணன் பாதி ஆளாகியிருந்தார். லில்லி கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் அவர் சிரித்தார். "எனக்காக ரிக்கார்டிங் தள்ளி வெச்சீங்க, அல்லே? நன்னாயி."

அண்ணன் கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றான். நான்தான் எல்லாம் சொன்னேன். நான் சேர்த்த சொற்கள், ஆறு பாட்டு, எழுதாத பெயர்.

லில்லி முறைத்தாள். தங்கச்சண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. அண்ணனிடம் கேட்டார்: "இது கொச்சுக்குட்டி, சின்னப் பிள்ள, விடு. மழையிலயும் மஞ்ஞுலயும் ஆறு வருசம் ட்ரம் சொமந்து வந்தவன் நான். நீ எப்படிடா நம்பின?"