திரு. மகன்

இல்லை, இன்னும் அனுப்பவில்லை. நீ எழுதியதன் அச்சுப்படி காலையில்தான் கூரியரில் வந்தது. தாளில் மை வாசனை போகவில்லை. வெளிநாட்டுத் தூதர்களைப் பற்றிய தொகுப்பு நூலில் உன் பங்கு நான்கு பக்கம். அசர்பைஜான்காரர் ஒருவரின் வாழ்க்கை. கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு வெற்றிடம். அதன் அருகே பதிப்பாளர் பென்சிலால் எழுதியிருக்கிறார்: எழுதியவர் பெயர், இனிஷியலுடன்.

நீ போய் மூன்று மாதம். காய்ச்சல் என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாய்.

பருத்திப்பட்டில் நாம் சேர்ந்து எடுத்த இந்த வாடகை வீட்டில், ஒரு ஞாயிறு முழுக்க அந்த அசர்பைஜான்காரரை நீ 'ஒக்லு' என்றே எழுதினாய். ஒக்லு மாஸ்கோவில் அரபி படித்தார். ஒக்லு மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தார். ஒக்லு தூதரானார், பிறகு தேர்தலில் நின்று நாடாளுமன்றம் போனார். அவருடைய முழுப்பெயரின் கடைசிச் சொல் அது. நமக்குக் கடைசியில் நிற்பதுதானே ஆளின் பெயர். அகராதியைப் பார்த்தது நான். ஒக்லு என்றால் மகன். இன்னாருடைய மகன்.

"அய்யய்யோ! நாலு பக்கமும் திரு. மகன், திரு. மகன்னு எழுதிக்கினு கீறேன்டி!"

தரையில் உருண்டு சிரித்தாய்.

சோவியத் காலத்தில் அவர் பெயரில் 'ஓவ்' என்றொரு ரஷ்ய ஒட்டு இருந்தது. நாடு தனியானதும் அதை எடுத்துவிட்டார். அந்த வரியை மட்டும் நீ மூன்று முறை திருத்தினாய்.

"வால வெட்டிட்டான் பாரு மனுசன். இன்னா தில்லு!"

"அப்பா பேர விடலையே," என்றேன்.

சும்மா சீண்டத்தான் சொன்னேன். நீ கணினியை மூடிவிட்டு ஏரிப் பக்கம் போய்விட்டாய்.

உனக்கு எட்டு வயதில் உன் அப்பா வீட்டை விட்டுப் போனது எனக்குத் தெரியும். அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் துணி தைத்து உன்னைப் படிக்க வைத்தவர் அம்மா. கல்லூரி விண்ணப்பத்திலேயே அப்பாவின் 'மு'வை விட்டுவிட்டு, அம்மாவின் 'ச'வைப் போட்டுக்கொண்டாய். "அது எங்கம்மா ஓவர்டைம் பாத்து வாங்குன எழுத்து," என்பாய். அம்மாவும் உனக்கு முன்பே போய்விட்டார்.

திருவேற்காட்டில் நீ வளர்ந்த தெருமுனையில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் 'மு' இருந்தது. அதன் கீழே, அதுவரை நான் பார்த்திராத உன் அப்பா நின்றிருந்தார். பூந்தமல்லிக்கு ஷேர் வேன் ஓட்டுகிறார். புத்தகம் வரப்போவதை நான்தான் அவரிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. போன வாரம் அழைத்தார்.

"அவளுக்கு நான் சோறு போடலம்மா, ஒத்துக்கறேன். புக்குலனாச்சும் என் எழுத்தப் போட்டுடு. ஒரே ஒரு எழுத்து."

பதில் தெரியாதபோது 'தலைநகரைக் கேட்டுச் சொல்கிறேன்' என்று தூதர்கள் நழுவுவார்களாம். அதை எழுதியதும் நீதான். எனக்குக் கேட்டுச் சொல்ல ஆளில்லை.

இப்போதெல்லாம் மின்சார ரயிலில் எதிரே இருப்பவர்களின் அடையாள அட்டையில் முன்னெழுத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். இந்த எழுத்தை யார் கொடுத்தது, என்ன கொடுத்து வாங்கியது என்று. உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது. போகவில்லை.

வெற்றிடத்தில் 'ச.' என்று எழுதி, உன் பெயரை எழுதினேன். அவரிடம் சொல்லாமல் அனுப்ப மனம் வரவில்லை. அழைத்தேன்.

"அவ வச்சிருந்த எழுத்தையே போட்டுட்டேங்க."

பின்னால் யாரோ பூந்தமல்லி, பூந்தமல்லி என்று கூவிக்கொண்டிருந்தார்கள்.

"சரிம்மா. ஆளு ஏறிக்கினு கீது. அப்பால பேசறேன்."

அரை மணி கழித்து மறுபடி அழைத்தேன். எடுக்கவில்லை. ஆவடிக்குப் போய் அச்சுப்படியைக் கூரியரில் கொடுத்தேன்.