பாரம் இறக்கும் காகிதம்

என் ஆசை அண்ணனுக்கு,

வங்கித் தேர்வுக்கு உன் ஹால் டிக்கெட் போன வாரம் உன் போனுக்கு வந்தது. நம் இருவருக்கும் ஒரே மையம். உன் போட்டோவைப் பார்த்ததும் அம்மா போனைச் சுவரில் எறிந்து உடைத்துவிட்டாள்.

ஆங்கிலச் சொற்கள் மண்டையில் ஏறாமல் லத்தீன் வேர்களைப் பிடித்துக்கொண்டு படித்தோமே, ஞாபகமிருக்கிறதா? சொல்லைக் கோடு போட்டுப் பிரிக்க வேண்டும். வேர் தெரியாதவருக்கு உச்சந்தலையில் குட்டு. "ஏளா, தப்பு. தலையக் காட்டு" என்பாய். என் முறை வந்தால் உனக்குப் புடைக்கும்படி குட்டுவேன், வேண்டுமென்றேதான்.

நீ வேலை பார்த்த மீன்பிடித் துறைமுக ஏலக்கூடத்தில் படகு முதலாளியின் மகன் வேலையாள் ஒருவரைக் கம்பியால் அடித்தான். நீ கம்பியைப் பிடுங்கிவிட்டு, அடிபட்டவரைத் தூக்கத் திரும்பினாய். அவன் மீன் வெட்டும் கத்தியை உன் கழுத்தில் இறக்கினான், நீ விழுந்த பிறகும் இரண்டு முறை. சுற்றி அத்தனை பேர் நின்றார்களே, ஒருவனுக்கும் கையில்லையா?

மறுநாள் பிணவறை வாசலில் முதலாளி வீட்டு வக்கீல் ஆங்கிலக் காகிதம் ஒன்றை நீட்டினார். "இங்கன ஒரு ரேகை வைங்கம்மா, உடம்ப உடனே வாங்கிட்டுப் போயிரலாம்" என்றார். அம்மா பெருவிரலில் மை தொட்டுவிட்டு, "ஏளா, என்னன்னு பாரு" என்றாள்.

உன்னைக் கொன்றவன் பெயருக்குப் பக்கத்தில் 'எக்ஸானரேட்' என்று இருந்தது. நாம் படிக்காத சொல். நகத்தால் கோடு போட்டுப் பிரித்தேன். எக்ஸ் என்றால் வெளியே, ஓனஸ் என்றால் சுமை. அவன் தலையிலிருந்து பழியை இறக்கிவிட நம் அம்மாவின் விரல் வேண்டுமாம், பாவிகளுக்கு.

கிழித்துப் போட்டேன். வக்கீலோடு வந்தவன் என் கையை முறுக்கினான். ரத்தம் வரும்வரை அவன் மணிக்கட்டைக் கடித்தேன். அவன் அறைந்ததில் எனக்கு ஒரு பல் போயிற்று. போகட்டும்.

நாளை கோர்ட்டில் என் சாட்சி. இன்று காலை பைக்கில் வந்த ஒருவன் நம் வாசலில் அரிவாளை ஊன்றிவிட்டுப் போனான். "போவாத தாயி, நீயாவது எனக்கு மிஞ்சணும்" என்று அம்மா என் காலைப் பிடித்தாள்.

அன்று உனக்குச் சோறு கொண்டுவந்திருந்தேன். அவன் உன் முதுகுக்குப் பின்னால் கத்தியை எடுத்தபோதே பார்த்துவிட்டேன். ஐஸ் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்து வாயைப் பொத்திக்கொண்டேன். ஒரு குரல் கொடுத்திருந்தால் நீ திரும்பியிருப்பாயா? போலீஸிடம் வெட்டியதை மட்டும்தான் சொன்னேன். ஒளிந்தது அம்மாவுக்குத் தெரியாது.

நாளைக்குப் போவேன் அண்ணே. அவன் வெட்டியதையும் நான் ஒளிந்ததையும் அம்மா காதில் விழும்படி சொல்வேன். சத்தியம்.

உன்னைக் கூப்பிடாத தங்கச்சி,
ரெஜினா