அணைத்த பிறகும் சுட்டது

அன்புள்ள அப்பாவுக்கு,

கலைவாணியின் வணக்கம். உங்கள் மூட்டு வலியும் அம்மாவின் இருமலும் குறைந்தனவா? புனேயில் நான் நன்றாக இருக்கிறேன்.

போன வாரம் ஒரு சின்ன விஷயம் நடந்தது, பயப்படாதீர்கள். மூன்று நாள் விடுமுறைக்காக, கம்பெனியின் சர்வர் அறையில் இருக்கும் கம்ப்யூட்டர்களை எல்லாம் நிறுத்தினோம். "மெஷினே ஆஃப் ஆயிடுச்சு, ஏசி இன்னாத்துக்கு? அதையும் நிறுத்திடும்மா" என்றார் அருண்ராஜ் அண்ணன். இந்த வேலையை எனக்கு வாங்கித் தந்த போளூர்க்காரர்தான். நிறுத்தினேன்.

திரும்பி வந்து கதவைத் திறந்ததும் முகத்தில் அனல் அடித்தது. சர்வர் நின்றாலும், பிளக்கைப் பிடுங்காதவரை அதன் பவர் சப்ளையில் கொஞ்சம் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்குமாம். இருநூறு சர்வர்களின் சூடும் மூடிய அறைக்குள்ளேயே தங்கிவிட்டது. கரண்ட் போனால் உதவ அங்கே வைத்திருந்த பேட்டரிகள் சில உப்பிப்போயிருந்தன.

மேலாளர் விசாரித்தபோது, யாரும் சொல்லாமல் கலைவாணிதான் ஏசியை நிறுத்தினாள் என்று அண்ணன் இந்தியில் சொன்னார். எனக்கு இப்போது அந்த அளவு இந்தி புரியும். வெளியே வந்து, "இன்னாண்ணா, இப்டி சொல்லிட்டீங்க?" என்று கேட்டேன்.

"எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குதும்மா. நீ சின்னப் பொண்ணு, சமாளிச்சுக்குவ."

வேலை போகவில்லை. எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

அண்ணனுக்காக எடுத்து வைத்த புளியை அனுப்ப வேண்டாம். எனக்குக் கொஞ்சம் சாமையும் ஒரு போர்வையும் போதும். ஞாயிற்றுக்கிழமை டவர் கிடைத்தால் கூப்பிட்டு, அம்மாவையும் கொஞ்ச நேரம் பேசச் சொல்லுங்கள். இங்கே நம் பேச்சு பேச இருந்தவர் அண்ணன் ஒருவர்தான்.

கிடங்கில் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் மகள்,
கலைவாணி