கூடு கட்டாத குளவி

கிண்ணியா,
ஒக்டோபர் 9

அன்பின் நிரோஷினிக்கு,

ஆதிலா எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் பிள்ளைகளும் சுகம். நீயும் அந்தக் குளிரில் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்கு உறங்கி, நலமாக இருக்க வேண்டும். போன கிழமை நிலாவெளிக்குப் போய் உன் அம்மாவைப் பார்த்தேன். முழங்கால் வலி குறைந்துவிட்டதாம். உன் கலியாணக் கவலைதான் கூடிவிட்டதாம். பூச்சி பிடிக்கப் படிக்கப் போனவளை எந்த மாப்பிள்ளை பிடிப்பான் என்று என்னிடம் கேட்டார். நானும் பூச்சி பிடிக்கிறவள்தானே, எனக்கு ஒருவர் அகப்படவில்லையா என்று சொல்லிச் சமாளித்தேன்.

இனி உன் விஷயம். இத்துடன் வரும் சிறிய பெட்டியில் ஐந்து குளவிகள் இருக்கின்றன. பள்ளிக்கூட நுணுக்குக்காட்டியில் வைத்து, நீ பார்க்கச் சொன்ன ஒவ்வொன்றையும் பார்த்தேன். விளக்கைத் தேடி வருமே ஒரு மெலிந்த தனிக்குளவி, அதுவோ என்றுதான் முதலில் நினைத்தேன். நிறம் அதே வெளிறிய செம்மண் நிறம். ஆனால் இதன் இறக்கை, ஓய்ந்திருக்கும்போது சேலைக் கொசுவம் போல நீளவாட்டில் மடிகிறது. உணர்கொம்பும் நூல் போல நீளவில்லை. முழங்கை போல மடங்கி நிற்கிறது. உச்சந்தலையிலுள்ள மூன்று சிறு கண்களைப் பார்த்தபோது சந்தேகம் தீர்ந்துவிட்டது. நம்மூர்ப் பகல் குளவிக்கு அவை கடுகு என்றால் இதற்கு மிளகு. ஆகவே, கூட்டமாய்க் கூடு கட்டி, இருட்டில் இரை தேடும் குளவிதான் இது. மலேசியக் காடுகளில் இருப்பதாக நீ சொன்ன இனங்களில் எது என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும். வயிற்றின் நிறத்தை மட்டும் வைத்துத் துணிய எனக்குத் தைரியமில்லை.

கூட்டையும் கண்டுபிடித்துவிட்டேன். கடற்கரையில் சரீப் நானாவின் மீன்வாடிக்குப் பின்னால், நாயுண்ணிச் செடிப் பற்றைக்குள், உரிக்காத தேங்காய் அளவில் தொங்குகிறது. பக்கத்து மரக்காலையில் அறுப்பதற்குத் துறைமுகத்திலிருந்து வந்த மரங்களோடு இவையும் வந்திருக்கும் என்பது என் ஊகம். உயிருள்ள கூட்டை நேரில் பார்க்காமல் உன் ஆய்வை முடிக்க ஏலாது, ஜனவரியில் வரும்வரை யாருக்கும் காட்டாதே, யார் கையும் படாமல் பார்த்துக்கொள் என்று நீ அழாத குறையாகக் கேட்டாய். பார்த்துக்கொள்கிறேன். அதற்காக ஒரு காரியமும் செய்துவிட்டேன். அதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும்.

விடியும் முன்னர் வாடியில் விளக்கைப் போட்டு மீனைத் தரம் பிரிப்பார்கள். அந்த வெளிச்சத்துக்கு இவை வருவதைக் கண்டு சரீப் நானா ஒன்றைத் தேநீர்க் கிளாசுக்குள் அடைத்து, மேலே பீரிசை மூடி, என் வீட்டுக்கே கொண்டு வந்தார். அவருடைய மகள் அப்ரா என் வகுப்பில்தான் படிக்கிறாள். இது கூடு கட்டுற சாதியா டீச்சர், கட்டுறதெண்டா இண்டைக்கே மண்ணெண்ணெய் ஊத்தி நெருப்பு வெச்சிடுவம் என்றார். கிளாசுக்குள் அதன் இறக்கை மடிந்திருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது. நான் சொன்னேன், இது விளக்குக்கு வரும் தனிக்குளவி, கூடு கட்டாது, பயப்பட வேண்டாம் என்று. டீச்சர் சொன்னாச் சரிதான் என்று தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். இவ்வளவு சுகமாகப் பொய் சொல்ல வரும் என்று எனக்கே தெரியாது.

அந்தப் பற்றைகளின் மேல்தான் அவர்கள் வலை காயப்போடுவார்கள். போடுமுன் ஒரு கல்லை எறிந்து, குளவி கிளம்புகிறதா என்று பார்ப்பது வாடி வழக்கம். கல் இதன்மேல் விழுந்துவிடுமே என்று நான் பயந்துகொண்டிருக்க, கூடு கட்டாது என்று டீச்சரே சொன்ன பிறகு கல் எதற்கு என்று இப்போது எறிவதையே விட்டுவிட்டார்களாம். கூட்டுக்கு நல்லது. வலை விரிக்கிறவர்களுக்கு நல்லதல்ல. யாரும் கிட்டப் போகாதபடி முட்கொப்புகளை வெட்டிச் சுற்றிப் போட்டு வைத்திருக்கிறேன். ஜனவரி என்பதை டிசம்பராக்க முடியுமா என்று பார்.

என்றும் உன் நன்மையை வேண்டும்,
ஆதிலா


கிண்ணியா,
நவம்பர் 2

அன்பின் நிரோஷினிக்கு,

நீ எடுத்த அழைப்புகளையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எடுத்துப் பேச வாய் வரவில்லை. எழுதினால் உன் குரல் குறுக்கே வராது, முழுவதையும் சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன்.

சரீப் நானாவின் மனைவி சுபைதா ராத்தா திருகோணமலை ஆஸ்பத்திரியில் இருக்கிறார். மழை விட்ட ஒரு காலை, நனைந்த வலையை விரிக்கப் போயிருக்கிறார். வலை கிழியும் என்று என் முட்கொப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து அப்பால் போட்டிருக்கிறார். கல் எறியவில்லை. ஏன் எறியவில்லை என்பது உனக்குத் தெரியும். வலையை உதறி வீசிய வீச்சில் கூட்டின் ஒரு பக்கம் பிய்ந்து, எல்லாம் கிளம்பிவிட்டன. முக்காட்டுக்குள்ளும் புகுந்து கொட்டியிருக்கின்றன. சரீப் நானா ஓடிப்போய் அவரை இழுத்துக்கொண்டு கடலுக்குள் இறங்கியிருக்கிறார். நஞ்சு சிறுநீரகத்தைத் தாக்கிவிட்டதாம். இரத்தத்தை இயந்திரத்தில் விட்டுச் சுத்தம் செய்கிறார்கள். இன்னும் சிறுநீர் இறங்கவில்லை.

இதைவிடக் கேவலமான ஒன்றைச் சொல்கிறேன், கேள். அன்று மாலையே ஊர்ச் சனம் கூடி, கொட்டியவை அவைதான் என்று மரக்காலைப் பனையில் இருந்த கருங்குளவிக் கூட்டைக் கொளுத்தினார்கள். அது பகல் குளவி. ஒரு பாவமும் அறியாதது. பற்றைக்குள் இருப்பதுதான் கூடு கட்டாத சாதியாயிற்றே, அதை யார் நினைப்பார்கள்? நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன். இது அல்ல என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்களே என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். உன் ஆய்வுக்காக நின்றேன் என்று சொல்லி உன்மேல் போட மாட்டேன். அந்த நேரம் உன் நினைவே எனக்கு இல்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். முகம் வீங்கி, ஒரு கண் மூடிக் கிடந்தது. என் குரலைக் கேட்டதும் ராத்தா என் கையைத் தேடிப் பிடித்தார். செம்மஞ்சளா இருந்த மாதிரித்தான் கண்டன், ஆனா டீச்சர் சொன்ன பூச்சி கொட்டாதுதானே, என்ட கண்ணுதான் பிழையாப் பாத்திருக்கும் என்றார். நிரோ, தன் கண்ணால் கண்டதை எனக்காகப் பொய்யென்று சொன்னார். பக்கத்துக் கட்டில் பெண்ணிடமும், எங்கட டீச்சருக்குத் தெரியாத பூச்சி இல்லை என்று பெருமையாகச் சொன்னார். அங்கே நிற்க முடியாமல், பஸ் போய்விடும் என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த நாள் காலை வாடிப் பக்கம் போனேன். எதற்குப் போனேன் என்று கேட்டால் தெரியாது. அங்கே வேலை செய்யும் ஸப்வான், மூன்று பிள்ளைகளின் தகப்பன், தோளில் வலையைப் போட்டுக்கொண்டு பாட்டாய்ப் பாடியபடி அந்தப் பற்றைக்குத்தான் நடந்து போய்க்கொண்டிருந்தார். நான் போட்ட சத்தத்தில் மரக்காலை ஆட்களும் ஓடி வந்துவிட்டார்கள். போகாதீர்கள், கூடு உள்ளேதான் இருக்கிறது, எனக்கு முதலே தெரியும் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டேன். ஸப்வான் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதைத் தாங்கிக்கொள்ளலாம்.

தாங்க முடியாதது சரீப் நானாவிடம் சொன்னதுதான். பூச்சியின் பெயர், உன் படிப்பு, ஜனவரி, எல்லாவற்றையும் சொன்னேன். வாடிக்குள் இருந்த கதிரையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். முடிவில், உங்களுக்கு வேணுமெண்டு சொல்லியிருந்தா நாங்க அந்தப் பக்கம் போயிருக்க மாட்டமே டீச்சர், வலை போட வேற இடமா இல்லை என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நான் நிமிர்ந்திருப்பேன். இப்படி ஒரு வழி இருந்தது என்பதே என் புத்திக்கு எட்டவில்லை, நிரோ. உண்மையைச் சொன்னால் கொளுத்திவிடுவார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். படித்தவள் என்ற திமிர், வேறென்ன?

அன்று பின்னேரமே கூட்டை எரித்தார்கள். எல்லாம் எரிந்தபின் என் வீட்டு வாசலில் சரீப் நானா வந்து நின்றார். கையில் ஒரு பால்மா டின். பற்றவைக்கும் முன்னர் புகை போட்டு, விழுந்தவற்றைக் கருகாமல் பொறுக்கியிருக்கிறார். அவர் முழங்கையிலும் இரண்டு கொட்டு. உங்கட கூட்டாளிக்கு அனுப்புங்கோ, அந்தப் பிள்ளையின்ட படிப்பாவது வீணாப் போகாம இருக்கட்டும் என்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

அவற்றைத்தான் இத்துடன் அனுப்புகிறேன். ராணிகளையும் வேலைக்காரிகளையும் பிரித்து வைத்திருக்கிறேன். உயிருள்ள கூடு இனி இல்லை. உன் ஜனவரியை நான் கெடுத்துவிட்டேன். அதற்காக என்னை நீ எவ்வளவு வேண்டுமானாலும் கோபித்துக்கொள். ஆனால் யாருக்கும் காட்டாதே என்று நீ கேட்டதைப் பற்றி உன் மனத்தை நீயே தின்னாதே. நீ மறைக்கத்தான் சொன்னாய். பொய் சொல்லச் சொல்லவில்லை. கட்டுரையில் எனக்கு நன்றி எழுதுவதாகச் சொன்னாயே, அது வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவாய்தானே? மாதாவிடம் ராத்தாவுக்காக மன்றாடு. அவர் என்னிடம்தான் துஆக் கேட்டார். டீச்சர் கேட்டா அல்லாஹ் குடுப்பான் என்றார். ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் கையேந்தி உட்காருகிறேன். அவருடைய பெயரைச் சொல்ல வேண்டிய இடம் வந்ததும், சொல்லாமலே கையை இறக்கிவிடுகிறேன். எனக்காக நீ கேள், நிரோ. சுபைதா என்று பெயரைச் சொல்லிக் கேள்.

இப்படிக்கு,
ஆதிலா