பவுடர் போட்டுக்கொண்டு வந்த அப்பா

ஜூலை 14, திங்கள்
மகளுக்கு மூக்கில் குழாய் இருக்கிறது. ஆனாலும் மூச்சை அவளாகவே விடுகிறாள். நுரையீரல் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் பிறந்த உடனேயே மருந்து கொடுத்துவிட்டார்களாம். டாக்டர் சொன்னதில் பாதி புரியவில்லை. தலையை மட்டும் நன்றாக ஆட்டினேன்.

ஜூலை 15
பெரியவனும் இவளைப் போலவே வயிற்றில் ஏழு மாதம் இருந்துதான் பிறந்தான். மூன்றாம் நாளே போய்விட்டான். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. உயிர் போன பிறகுதான் கையில் கொடுத்தார்கள். இவளையும் — வேண்டாம், எழுத மாட்டேன்.

ஜூலை 19, சனி
நாளைக்குப் பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொள்ளலாம் என்றார் வார்டு நர்ஸ், மிஸ்ஸி திலகம். தோலோடு தோல், இப்போது இதுவும் வைத்தியமாம். எனக்கு இருமல், உள்ளே விடமாட்டார்கள். அதனால் என் வீட்டுக்காரர் எர்னஸ்ட்டுக்கு யோகம். செம்பனைக் குலை ஏற்றிய லோரியை எந்தப் பள்ளத்திலும் இறக்குகிற மனுஷன், "மிஸ்ஸி முன்னால சட்டையக் கழட்டணுமா, வலேரி?" என்று நெளிகிறார்.

ஜூலை 20, ஞாயிறு
சிரித்துச் சிரித்துத் தையல் வலிக்கிறது. பூசைக்குப் போகிற மாதிரி குளித்து, மார் முழுக்கப் பவுடர் கொட்டி, கோடாலித் தைலம் வேறு தேய்த்துக்கொண்டு வந்து நிற்கிறார். "அண்ணே, பிள்ளை நுரையீரலுக்குப் பவுடரே ஆகாது லா. போய் நல்லா கழுவிட்டு வாங்க" என்று மிஸ்ஸி விரட்டிவிட்டார். "மக முதல் தடவை என்கிட்ட வரா, வாசமா இருக்க வேணாமா?" என்று முனகிக்கொண்டே போனார், பாவம்.

கழுவிவிட்டு வந்து படுத்ததும் அவள் தவளை மாதிரி ஒட்டிக்கொண்டாள். மிஷினில் ஆக்சிஜன் நம்பர் ஏறுகிறது. அவர் அழுகிறார், நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சிரிக்கிறேன், இருமுகிறேன். கண்ணாடிக்கு வெளியே இப்படியும் நிற்கலாம் போல.

ஜூலை 28
இருமல் போச்சு. இனி என் முறை. எர்னஸ்ட் பிள்ளையைத் தரமாட்டேன் என்கிறார். பெத்தவ நான், இது எங்கேயாவது அடுக்குமா?

ஆகஸ்ட் 9, சனி
மூச்சு நின்னுபோச்சு. என் நெஞ்சு மேலதான் கெடந்தா. மிஷின் கத்துது, உதடு நீலமாவுது. மிஸ்ஸி உள்ளங்காலத் தட்டினதும் திரும்ப விட்டா. குறைமாசப் பிள்ளைங்க அப்பப்ப மறந்துரும், வளர வளர சரியாயிரும்னாங்க. மூச்ச எப்படி மறக்கும்? கடவுளே, இன்னொரு தடவ என்னால முடியாது.

செப்டம்பர் 17, புதன்
குழாய் இல்லை, ஒயர் இல்லை. அசாம் ஜாவாவில் இருக்கிற எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். வழியெல்லாம் எர்னஸ்ட் காரை உருட்டிய உருட்டில் பின்னால் வந்தவனெல்லாம் ஹார்ன் அடித்தான். பேர் கிளாரிஸ்ஸா. ஆள் கையளவு, குரல் மட்டும் எஸ்டேட் சங்கு.

நவம்பர் 2, ஞாயிறு
கல்லறைத் திருநாள். வருஷா வருஷம் பெரியவனுக்கு மெழுகுவத்தி ஏற்றியதும் ஓடி வந்துவிடுவேன். இந்த வருஷம் கிளாரிஸ்ஸா பசியில் ஊரைக் கூட்டினாள். வேறு வழியில்லாமல் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து பால் கொடுத்தேன். "உன் தங்கச்சிடா, ரொம்பத்தான் கத்துறா" என்று அவனிடம் சொன்னேன். எர்னஸ்ட் குடை பிடித்தார். அவள் தூங்கிய பிறகும் நாங்கள் எழுந்திருக்கவில்லை.