சீட்டுக் கம்பியில் ஒரு கோடு

12.8.1981, புதன்

சனிக்கிழமை சைக்கிள் ரேஸ். டீக்கடையில் மாடசாமியைப் பற்றித்தான் பேச்சு. போன மாதம் விழுந்ததில் அவனுக்கு முட்டியில் பலத்த அடி.

"முட்டி சரியாயிட்டுல்லா! நேத்து புளியங்குடி வரைக்கும் ஓட்டிட்டு வந்திருக்கான் வே" என்றார் கடைக்கார அண்ணாச்சி.

அவன் சைக்கிளை வெளியே நிறுத்திவிட்டு சலூனுக்குப் போயிருந்தான். சீட் இறங்கியிருந்தது. காலை முழுதாக நீட்ட முடியவில்லை போல. முதல் ரேஸுக்கு முன்னால், "இன்னும் ஏத்துலே, இன்னும் ஏத்து" என்று அவன் குதித்ததும், நான் சீட்டை ஏற்றி முடுக்கி, அந்த உயரம் மறக்காதிருக்கக் கம்பியில் அரத்தால் கோடு கீறியதும் நேற்றுப் போல இருக்கிறது. பத்து வருடம் அசையாத கோடு. இன்று குழாய்க்குள் போய்விட்டது.

"நீரு என்ன சொல்லுதீரு?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"அவன்தான் ஜெயிப்பான்" என்றேன்.

மாடசாமி வந்தான். நான் எதைப் பார்க்கிறேன் என்று பார்த்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து, கம்பி மறையும்படி சீட்டின் மேல் தொங்கவிட்டான்.