சர்க்கரையில் இரண்டு சொட்டு

11-1-1958
இன்று கோர்ட்டில் இரண்டு வழக்குக்கு வாய்தா வாங்கினேன். ஒன்றில் கட்சிக்காரன் வரவில்லை. மற்றதில் என் குடல் என்னை நிற்க விடவில்லை. மனுவில் 'தவிர்க்க முடியாத காரணம்' என்று எழுதினேன். பல வருஷமாக எழுதும் வாக்கியம், இன்றுதான் உண்மை.

ஷேக் பரீத் மருந்துக் கடையில் புதிதாக ஒரு சீசா பெப்பர்மிண்ட் எண்ணெய் வாங்கினேன். சர்க்கரையில் இரண்டு சொட்டு விட்டு வாயில் போட்டுக்கொண்டால் கொஞ்ச நேரத்தில் முறுக்கு தளர்கிறது. டாக்டர் பாலுசாமி முன்பே சொல்லிவிட்டார்: "இது சீக்கைத் தீர்க்காதுங்க. வலியைக் கொஞ்சம் தள்ளி வெக்கும்." அதாவது இதுவும் வாய்தா.

20-1-1958
மாசாணத்தின் மதுவிலக்கு வழக்கு. வாயில் சாராய வாடை என்று பிடித்திருக்கிறார்கள். "வவுத்து வலிக்கு மருந்து குடிச்சேனுங்க சாமி" என்றான். இந்த ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது முதல் பிடிபட்ட அத்தனை பேருக்கும் வயிற்று வலிதான். பாதிப் பேருக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே நான். மாஜிஸ்திரேட் சிரித்துவிட்டு ஒரு மாதம் போட்டார்.

வெளியே கான்ஸ்டபிள் அவனைச் சீண்டினார்: "குடிச்சுப்போட்டுப் பெப்பர்மிண்டை மென்னா வாசம் போயிருமாக்கும்? அந்த வாசம் வந்தாலே எங்களுக்குத் தெரியுமப்பா!"

நான் வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறினேன்.

3-2-1958
சீசா காலி. இதற்கு முந்தியது இன்னும் அதிக நாள் வந்தது. வயது ஏற ஏற என் கை தாராளமாகிறது போல. "சீசாவுல மட்டும்" என்கிறாள் என் மனைவி தெய்வாத்தாள்.

16-2-1958
எங்கள் ஒரே பெண் கோமளாவைப் பார்க்கப் பொள்ளாச்சியிலிருந்து வந்தார்கள். பையன் அதிகம் பேசவில்லை. அவன் பங்கையும் அப்பா தம்பிதுரை பேசினார். தென்னந்தோப்பு, கொப்பரை வியாபாரம், பெரிய குரல். கோமளாவுக்குப் பையனைப் பிடித்துவிட்டது. காபித் தம்ளரை எடுக்க ஒரு தடவைக்கு இரண்டு தடவை வந்தாள்.

வழியனுப்பும்போது தம்பிதுரை என் கையைப் பிடித்துக்கொண்டு, பேச்சை நிறுத்தி, மூக்கால் மூச்சை இழுத்தார். பிறகு சிரிக்கவில்லை.

23-2-1958
பொள்ளாச்சியிலிருந்து தாக்கல் வந்துவிட்டது. பெண் லட்சணமாம். அப்பன் பொழுது விடிந்ததும் போட்டுவிட்டுப் பெப்பர்மிண்டை மெல்லுகிறவனாம்.

தெய்வாத்தாள் அழுதாள். "ஏனுங்க, நேர்ல போய் நெசத்தைச் சொல்லிப்போட்டு வாங்க. வவுத்து வலிக்கு மருந்துன்னு."

அந்த வாக்கியத்துக்கு என்ன மதிப்பு என்று எனக்கா தெரியாது? நம்பமாட்டார்கள். சரி— நம்பிவிட்டால்? அப்பா இதே குடலால்தான் செத்தார், சீதமும் ரத்தமுமாக. அண்ணன் அவர் வயதைக்கூட எட்டவில்லை. தோண்டினால் எல்லாம் வெளியே வரும். அப்புறம் யார் வந்து இந்த வீட்டில் பெண் எடுப்பார்கள்?

கோமளா ராத்திரி சாப்பிடவில்லை.

2-3-1958
பொள்ளாச்சி போய் வந்தேன். தம்பிதுரை நேராகவே கேட்டார்:

"வக்கீலுங்க, ஒளிக்காமச் சொல்லிப்போடுங்க. குடியா, சீக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் தீர்ப்பையும் அவரே வாசித்தார்: "குடின்னா நிறுத்திக்கலாமுங்க. சீக்குன்னா வழிவழியா வருமுங்க. என்ற பையனுக்கு அப்படிப்பட்ட வீட்டுப் பொண்ணு வேண்டாமுங்க."

"குடிதானுங்க" என்றேன்.

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அட, இதுக்கா இத்தனை ஒளிவு!" அவரே டாக்டர் சர்டிபிகேட் கொடுத்து பர்மிட் வாங்கிக் குடிக்கிறவர். சர்க்கார் கணக்கில் அவர் நோயாளி. அவர் கணக்கில் நான் குடிகாரன். நோயாளி குடிகாரனைப் பிள்ளையார் கோயிலுக்கு அழைத்துப் போய், கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் வாங்கினார்: "இனி அந்தப் பெப்பர்மிண்ட் வாசம் உங்க வாயில வரப்படாதுங்க."

குடியை விடச் சொன்னால் சிரமமே இல்லை, நான் தொட்டதில்லை. அவர் கேட்டது வாசத்தை.

ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும் என்று கட்சிக்காரர்களுக்குச் சொல்வது வழக்கம். இனி யோசித்துச் சொல்ல வேண்டும்.

3-3-1958
சீசாவைக் கொட்டிவிடச் சொன்னேன். "நான் கொட்டறேனுங்கப்பா" என்று கோமளா வாங்கிக்கொண்டு போனாள்.

30-3-1958
வலி.

21-4-1958
வாதத்தின் நடுவில் உட்கார்ந்துவிட்டேன். எதிர்க்கட்சி வக்கீல் தண்ணீர் கொடுத்தார். தண்ணீர்தானா என்று மாஜிஸ்திரேட் பார்த்தார்.

காலையில் ரத்தம் போயிற்று. பாலுசாமி ஆஸ்பத்திரியில் படுக்கச் சொல்கிறார். படுத்தால் பொள்ளாச்சிக்குத் தெரியும். கல்யாணம் முடியட்டும் என்றேன். "உங்க குடலுக்கு முகூர்த்தம் தெரியுமுங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஷேக் பரீத் கடை வந்தால் எதிர்ச்சாரியில் நடக்கிறேன். கள்ளுக்கடை இருந்த காலத்தில், குடியை விட்டவன் அதைத் தாண்டியது இப்படித்தான் இருந்திருக்கும்.

1-6-1958
கல்யாணம் முடிந்தது. பந்தலில் தம்பிதுரை என்னைக் கட்டிப் பிடித்து, முகர்ந்து பார்த்து, "சுத்தம்!" என்று ஊர் கேட்கச் சொன்னார். என் கோட்டு என்னைவிட அகலமாக இருந்தது. "குடியை உட்டா ஆளு இப்படித்தான் வத்திப் போவாங்க" என்று பந்தியில் ஒருவர் அனுபவத்தோடு விளக்கினார்.

கோமளா சிரித்துக்கொண்டே காரில் ஏறினாள். நான் கார் மறைகிற வரையில் நேராக நின்றேன்.

20-7-1958
நேற்றுத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விட்டார்கள். அறுக்க வேண்டியது அறுக்க முடியாத இடத்துக்குப் போய்விட்டதாம். பாலுசாமி முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

ஆடிக்குக் கோமளா வந்திருக்கிறாள். கன்னம் ஒட்டியிருந்தது.

"அங்கே சோறு போடறதில்லையா கண்ணு?"

"போடறாங்கப்பா. எனக்குத்தான்..." நிறுத்திவிட்டாள்.

திருநீறு பூசக் கிட்டே கூப்பிட்டேன். குனிந்தாள். வாசம்.

"முட்டாயிங்கப்பா" என்றாள், நான் கேட்காமலே.

சாட்சிகளை மடக்கியே சோறு தின்றவன். ஒரு கேள்வி வரவில்லை. சீசா சீக்கிரம் காலியான மாதங்கள் மட்டும் வரிசையாக வந்தன.

அவளே சொன்னாள்: "மாமனார் கிட்ட வந்தா தள்ளி நின்னுக்குவேனுங்கப்பா. அவுங்களுக்குத் தெரியாது."

தெய்வாத்தாள் அடுப்படியில் இருந்தாள். குரலைத் தாழ்த்திக் கேட்டேன், எதில் விட்டுச் சாப்பிடுகிறாய் என்று.

"வெறும் தண்ணியிலீங்கப்பா."

"தொண்டை எரியும் அம்மணி. சர்க்கரையில விடு."